வண்டிச் சோதனையில் சிக்கிய பொருள்: எந்தக் கட்டத்தில், எங்கே எதிர்ப்பது?

"சோதனை போட்ட முறையே தப்பு, அதனால் கேஸ் நிற்காது" என்ற நம்பிக்கையோடு வக்கீல் அலுவலகப் படியேறுகிறவர்கள் நிறைய. அமெரிக்கத் தொடர்களில் அப்படி நடக்கும். நம் சட்டம் வேறு. சட்டத்தை மீறிய சோதனையில் கிடைத்த பொருளாக இருந்தாலும், வழக்குக்குத் தொடர்புடையது என்றால் அதைச் சான்றாக ஏற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1974-ல் பூரன் மல் வழக்கில் சொன்னது. அடிப்படை இன்றும் அதுதான். ஆகவே, "சோதனை தப்பு" என்று பொதுவாகச் சொல்வதில் பலன் குறைவு. எந்தத் தவறு, அது எந்தக் காகிதத்தில் தெரிகிறது, அதை எந்த நீதிமன்றத்தில் எப்போது சொல்வது என்பதில்தான் வழக்கு ஜெயிப்பதும் தோற்பதும்.

ஒரு சூழலை வைத்துக்கொள்வோம். நெடுஞ்சாலையில் தனியார் கார் ஒன்றைப் போலீசார் நிறுத்துகிறார்கள். டிக்கியில் சாக்குப் பை, உள்ளே கஞ்சா. ஓட்டியவரும் பக்கத்தில் இருந்தவரும் ரிமாண்ட். அவர்களுக்கு முன்னால் ஐந்து வழிகள்: ஜாமீன் மனுவிலேயே சான்றைக் கேள்வி கேட்பது, உயர் நீதிமன்றத்தில் ரத்து மனு, சிறப்பு நீதிமன்றத்தில் விடுவிப்பு மனு, சாட்சி விசாரணையில் குறுக்கு விசாரணை, குற்றத்தை ஒப்புக்கொண்டு குறைந்த தண்டனை கேட்பது. கஞ்சா வழக்கை எடுத்ததற்குக் காரணம், 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம்தான் (என்.டி.பி.எஸ்.) சோதனைக்கு மிகக் கடுமையான விதிகளை வைத்திருக்கிறது. எதிர்ப்பதற்கான பிடிமானமும் அங்கேதான் அதிகம்.

முதல் கேள்வி: இந்தக் குறையைப் போலீசார் இனி சரிசெய்ய முடியுமா?

வழியைத் தேர்ந்தெடுக்கும் முன் கையில் இருக்கும் குறைகளை இரண்டாகப் பிரியுங்கள். சரிசெய்யக் கூடியவை ஒரு பக்கம், சரிசெய்யவே முடியாதவை இன்னொரு பக்கம். இந்த ஒரு வேலையைச் செய்யாமல் மனு போட்டதால் நல்ல வாதங்கள் வீணாகின்றன.

சரிசெய்யக் கூடியதற்கு எடுத்துக்காட்டு, என்.டி.பி.எஸ். சட்டத்தின் பிரிவு 52ஏ. பிடித்த பொருளின் பட்டியல், படங்கள், மாதிரி எல்லாவற்றையும் நடுவர் முன்னிலையில் சான்றளித்து வாங்க வேண்டும் என்கிறது அது. ரிமாண்ட் ஆன பத்தாம் நாளே ஜாமீன் மனுவில் "52ஏ நடக்கவில்லை" என்று எழுதினால், விசாரணை அதிகாரி அடுத்த வாரமே நடுவரிடம் விண்ணப்பம் கொடுத்துவிடுவார். தாமதம் மட்டுமே ஜாமீனுக்குக் காரணம் ஆகாது என்று 2024 டிசம்பரில் காஷிஃப் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதால், அந்தத் தாமதம் அவர்களைக் கடிக்காது. நீங்கள்தான் அவர்களுக்கு நினைவூட்டியவர் ஆவீர்கள். வீடியோவுக்கான மின்னணுச் சான்றிதழும் இதே ரகம். புதிய சான்றுச் சட்டமான சாக்ஷ்ய அதிநியம் பிரிவு 63 கேட்கும் அந்தச் சான்றிதழை நீதிமன்ற விசாரணை முடிவதற்குள் தாக்கல் செய்ய நீதிமன்றங்கள் இடம் கொடுக்கின்றன. குற்றப்பத்திரிகை போட்ட பிறகும் மேல்விசாரணை செய்யும் அதிகாரம் போலீசுக்கு உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

சரிசெய்ய முடியாதவை, நீதிமன்றத்துக்கு வந்து சேர்ந்து முத்திரை விழுந்துவிட்ட காகிதங்களில் இருப்பவை: முதல் தகவல் அறிக்கை, பறிமுதல் மகஜர் (சம்பவ இடத்தில் எழுதும் பதிவு), உடல் சோதனைக்கு முன் கொடுக்கும் பிரிவு 50 அறிவிப்பு, மேலதிகாரிக்கு அனுப்பிய தகவல் அறிக்கை. இவற்றில் உள்ள வாசகத்தையும் நேரத்தையும் இனி யாரும் மாற்ற முடியாது. இத்தகைய குறையை எந்தக் கட்டத்தில் வேண்டுமானாலும் துணிந்து எடுத்து வைக்கலாம். முதல் வகையை முடிந்தவரை குறுக்கு விசாரணை வரை வாய்க்குள் வைத்திருப்பது நல்லது.

எந்த வழிக்குப் போனாலும், முதல் சில வாரங்களில் செய்ய வேண்டியவை

சுங்கச்சாவடி கேமரா, பெட்ரோல் பங்க் கேமரா போன்றவற்றில் பதிவு வெகுநாள் தங்காது. பழையதன்மேல் புதியது எழுதப்பட்டுவிடும். கார் எத்தனை மணிக்குச் சுங்கச்சாவடியைக் கடந்தது என்ற ஃபாஸ்டேக் பதிவு, குற்றம் சாட்டப்பட்டவரின் செல்போன் கோபுர விவரம், சோதனை நடந்ததாகச் சொல்லும் நேரத்தில் காவல் நிலைய கேமராவில் யார் இருந்தார்கள் என்ற காட்சி, இவற்றைப் பாதுகாத்து வைக்க உத்தரவிடும்படி, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். பிரிவு 94-ன் கீழ் மனு போடலாம். காவல் நிலையப் பதிவை 18 மாதம், குறைந்தது ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது.

ரிமாண்டுக்கு நடுவர் முன் நிறுத்தும்போது காயம் இருந்தாலோ வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கியிருந்தாலோ அங்கேயே வாய்திறந்து சொல்ல வேண்டும். ஓராண்டு கழித்துச் சொன்னால் "பின்யோசனை" என்று ஒரு வரியில் தள்ளிவிடுவார்கள். கையில் பணமில்லாதவர்களும் தனியாக நிற்கத் தேவையில்லை. காவலில் இருப்பவருக்கு இலவச வக்கீல் கேட்கும் உரிமை சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் பிரிவு 12-லேயே இருக்கிறது.

ஜாமீன் மனு: விடுதலைக்கு நல்லது, சான்றை உடைக்க அல்ல

இங்கே முடிவைத் தீர்மானிப்பது பொருளின் எடை. கஞ்சாவில் 1 கிலோவுக்குக் கீழே சிறு அளவு, 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு. ஹெராயினுக்கு 5 கிராமும் 250 கிராமும். மெத்தாம்பெட்டமினுக்கு 2 கிராமும் 50 கிராமும். வணிக அளவு என்றால் பிரிவு 37 குறுக்கே நிற்கும். குற்றவாளி அல்ல என நம்ப நியாயமான காரணம் இருக்கிறது, வெளியே விட்டால் மறுபடி குற்றம் செய்யமாட்டார் என்று இரண்டிலும் நீதிமன்றம் திருப்தி அடைய வேண்டும். குற்றப்பத்திரிகைக்கான கெடுவும் 180 நாள் ஆகிவிடும்.

ஆகவே 20 கிலோவைக் கொஞ்சம் தாண்டிய வழக்கில் ஜாமீன் கட்டத்திலேயே எடையைக் கேள்வி கேட்பது மிகப் பயனுள்ளது. மகஜரில் "21.500 கிலோ" என்று இருந்தால் அது சாக்கு, பாலித்தீன், பேக்கிங் டேப்போடு சேர்த்தா, நீக்கியா? சட்டப்படி கஞ்சா என்பது பூக்கும் அல்லது காய்க்கும் நுனி மட்டுமே. நுனியோடு சேராத இலையும் விதையும் கஞ்சா ஆகாது. அவற்றைப் பிரித்து எடைபோட்டதாக மகஜரில் ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். எடை 20 கிலோவுக்குக் கீழே இறங்கினால் பிரிவு 37-ம் 180 நாளும் சேர்ந்தே விழும். பொடியாக வரும் போதைப்பொருளில் மட்டும் இந்த வாதத்தை நம்ப வேண்டாம். கலப்படத்தையும் சேர்த்த மொத்த எடைதான் கணக்கு என்று 2020-ல் ஹீரா சிங் தீர்ப்பு முடித்துவிட்டது.

கைதுக்கான காரணத்தைத் தெரிவிக்காமல் பிடித்திருந்தால் அரசமைப்புச் சட்டத்தின் பிரிவு 22(1)-ஐ வைத்து விடுதலை கேட்கலாம். 2025-ல் விஹான் குமார் தீர்ப்பு இதற்குக் கை கொடுக்கிறது. ஆனால் கைது செல்லாது என்றால் ஆள்தான் வெளியே வருவார். டிக்கியில் கிடைத்த சாக்கு வழக்கில் அப்படியே இருக்கும்.

ரத்து மனு: விரைவு, ஆனால் வாசல் குறுகல்

சென்னையிலோ மதுரைக் கிளையிலோ பி.என்.எஸ்.எஸ். பிரிவு 528-ன் கீழ் போடும் மனு இது (பழைய நடைமுறைச் சட்டத்தில் 482). 1992-ன் பஜன் லால் தீர்ப்பு வகுத்த கட்டங்களுக்குள் வந்தால் மட்டுமே வேலை செய்யும். போலீசார் சொல்வதை அப்படியே உண்மை என்று வைத்துக்கொண்டாலும் குற்றம் ஆகவில்லை என்று காட்ட முடிய வேண்டும். உடன் வந்தவருக்கு எதிராக, ஓட்டியவர் போலீசிடம் கொடுத்த வாக்குமூலம் தவிர வேறு எதுவும் இல்லாதபோது இது நல்ல வழி. அத்தகைய வாக்குமூலம் சான்றாகாது என்பதைத் தமிழ்நாட்டு வழக்கான டோஃபான் சிங் 2020-ல் உறுதி செய்தது. மத்திய போதைப்பொருள் அதிகாரிகள் பிரிவு 67-ல் வாங்குவதற்கும் அதே கதிதான்.

"மகஜர் நேரம் பொருந்தவில்லை", "சாட்சிகள் போலீசுக்கு வேண்டியவர்கள்" என்பவற்றை இங்கே கொண்டுபோகாதீர்கள். "விசாரணையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளுபடி ஆவது ஒரு நஷ்டம். உங்கள் எதிர்வாதம் முழுவதும் எழுத்து வடிவில் அரசுத் தரப்பின் கைக்குப் போய்விடுவது அதைவிடப் பெரிய நஷ்டம்.

விடுவிப்பு மனு: இடைவழி

குற்றச்சாட்டு வனையும் (முறைப்படி சுமத்தும்) முன் சிறப்பு நீதிமன்றத்தில் போடுவது. அமர்வு நீதிமன்ற முறைக்குப் பிரிவு 250, நடுவர் நீதிமன்றப் போலீஸ் வழக்குகளுக்குப் பிரிவு 262. பி.என்.எஸ்.எஸ். இப்போது 60 நாள் கெடு வைத்திருக்கிறது, அதைத் தவறவிடாதீர்கள். நீதிபதி பார்ப்பது போலீஸ் தாக்கல் செய்த ஆவணங்களை மட்டுமே. நீங்கள் சேகரித்த கேமரா காட்சியை இந்தக் கட்டத்தில் காட்ட முடியாது. "வலுவான சந்தேகம்" இருந்தாலே குற்றச்சாட்டு வனைந்துவிடலாம். எனவே இது, சரிசெய்ய முடியாத குறை ஆவணத்திலேயே பளிச்சென்று தெரிகிறவர்களுக்கான வழி.

பிரிவு 50 அறிவிப்பு அதற்குச் சரியான எடுத்துக்காட்டு. ஒருவரின் உடலைச் சோதிக்கும் முன், நடுவர் அல்லது கெஜட்டட் அதிகாரி முன்னிலையில் சோதிக்கப்படும் உரிமை அவருக்கு உண்டு என்று சொல்லியாக வேண்டும். 1999-ல் பல்தேவ் சிங், 2010-ல் விஜயசிங் ஜடேஜா என இரண்டு அரசமைப்பு அமர்வுகள் இதைக் கட்டாயம் ஆக்கின. அறிவிப்பில் "அல்லது எங்களோடு வந்துள்ள ஆய்வாளர்" என்று மூன்றாவது வழியைச் சேர்த்திருந்தாலோ, இருவருக்கும் சேர்த்து ஒரே தாள் கொடுத்திருந்தாலோ அது செல்லாது என 2014-ல் பர்மானந்த் தீர்ப்பு சொன்னது.

ஆனால் இந்தப் பிரிவு உடல் சோதனைக்கு மட்டுமே. சட்டைப் பையிலோ இடுப்பிலோ கிடைத்தால் பயன்படும்; காரிலோ பையிலோ கிடைத்தால் பயன்படாது. உடல் சோதனையில் பிரிவு 50 மீறப்பட்டிருந்தும் வண்டியில் கிடைத்த சாக்குகள் சான்றாக நின்ற வழக்கு 2019-ன் பல்ஜிந்தர் சிங். நம் எடுத்துக்காட்டில் சரக்கு டிக்கியில் இருந்தது. ஆகவே பிரிவு 50-ஐ முதல் வாதமாக வைக்கிற மனு அங்கேயே தளர்ந்துவிடும்.

டிக்கிக்குப் பொருந்துவது பிரிவு 42. முன்கூட்டியே தகவல் வந்திருந்தால் அதை எழுத்தில் பதிந்து 72 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்கு அனுப்ப வேண்டும். சூரியன் மறைந்தபின் சோதனை என்றால், வாரண்டு வாங்க நேரமில்லை என நம்பியதற்கான காரணத்தையும் எழுத வேண்டும். "சாலை பொது இடம்தானே, பிரிவு 43 போதும்" என்று அரசுத் தரப்பு சொல்லும். பேருந்து போன்ற பொது வாகனத்துக்கு அது சரி. தனியார் வண்டி சாலையில் நின்றாலும் பிரிவு 42-தான் என்று 2021-ல் பூட்டா சிங் தீர்ப்பு சொன்னது. முழுக்க மீறினால் வழக்கு விழும், தாமதத்துக்கு நல்ல விளக்கம் இருந்தால் விழாது என்பது 2009-ன் கர்னைல் சிங். முன்தகவல் இல்லாத வழக்கமான வாகனத் தணிக்கையில் தற்செயலாகச் சிக்கியதா, "இரகசியத் தகவலின் பேரில்" நிறுத்தினார்களா என்பதை முதல் தகவல் அறிக்கையின் முதல் பத்தியிலேயே பாருங்கள். அந்தச் சொற்கள் பிரிவு 42-ஐ உள்ளே கொண்டுவருகின்றன.

குறுக்கு விசாரணை: மெதுவானது, பெரும்பாலான குறைகளுக்கு இதுவே சரியான இடம்

பல ஆண்டு இழுக்கும், வாய்தாவுக்கு அலைய வேண்டும். அப்படியும் சான்றின் நம்பகத்தன்மையை உண்மையாகவே சோதிக்கக்கூடிய இடம் இது ஒன்றுதான்.

மகஜரை விரித்து வைத்துக்கொண்டு நேரங்களை வரிசையாக எழுதுங்கள். பொது நாட்குறிப்பின்படி எஸ்.ஐ. 5.00 மணிக்கு நிலையத்திலிருந்து கிளம்பினார். 22 கிலோமீட்டர் தள்ளிய இடத்தில் 5.15-க்குச் சோதனை தொடங்கியதாக மகஜர் சொல்கிறது. 5.45-க்குள் பிரித்து, எடைபோட்டு, மாதிரி எடுத்து, சீல் வைத்து, பன்னிரண்டு பொட்டலங்களுக்கும் சீட்டு ஒட்டி, நான்கு பக்கம் கையால் எழுதி முடித்தாயிற்று. எழுதியது யார், எந்த வெளிச்சத்தில், தராசுக்கு மின்சாரம் எங்கிருந்து வந்தது? அடுத்தது மகஜரின் தலைப்பு. சம்பவ இடத்தில் எழுதியதாகச் சொல்லும் தாளில், மூன்று மணி நேரம் கழித்து நிலையத்தில் பதிவான வழக்கின் குற்ற எண் அதே கையெழுத்தில், அதே மையில் இருந்தால், அது சம்பவ இடத்தில் எழுதப்பட்டதுதானா என்ற கேள்விக்கு அதிகாரியால் எளிதில் பதில் சொல்ல முடியாது. எண்ணைப் பிறகு நிரப்பினேன் என்பார். அப்படியானால் வேறு எதையெல்லாம் பிறகு நிரப்பினார் என்பது அடுத்த கேள்வி.

பிறகு பொருளின் பயணம். எந்தத் தேதியில் நிலையப் பொருள் அறைக்குப் போனது, எப்போது நீதிமன்றத்துக்கு வந்தது, எப்போது ஆய்வகத்துக்கு, யார் கையில்? சீலில் உள்ள எழுத்து மகஜரில் ஒன்றாகவும் ஆய்வக அறிக்கையில் வேறாகவும் இருக்கிறதா? 2022-ன் என்.டி.பி.எஸ். விதிகளின்படி கஞ்சா, சரஸ் (கஞ்சாப் பிசின்), அபினிக்கு மாதிரி 24 கிராம், மற்றவற்றுக்கு 5 கிராம், இரண்டு இரண்டாக. ஆய்வகம் பெற்றுக்கொண்ட எடை இதோடு ஒத்துப்போக வேண்டும். ஆய்வக முடிவையே மறுக்கிறீர்கள் என்றால் மறுபரிசோதனை கேட்க அறிக்கை கிடைத்ததிலிருந்து 15 நாள்தான் என்று 2013-ல் தானா சிங் தீர்ப்பு வரையறுத்தது. அதுவும் விதிவிலக்கான சூழலில் மட்டுமே.

52ஏ வாதத்தைக் கவனமாகப் பயன்படுத்துங்கள். 2023-ல் சென்னையில் லாரியில் பிடிபட்ட 20 கிலோ ஹெராயின் வழக்கில் இந்த மீறலால் விடுதலை கிடைத்தது உண்மை. ஆனால் 2025 ஜனவரியில் பாரத் அம்பாலே தீர்ப்பு, மீறல் மட்டுமே போதாது, மற்றச் சான்றுகள் நம்பும்படி இருந்தால் தண்டனை நிற்கும் என்று திருப்பிவிட்டது. 52ஏ-யை எடை முரண்பாடு, சீல் சந்தேகம், பிறழ் சாட்சி ஆகியவற்றோடு சேர்த்துக் கட்ட வேண்டும். அதேபோல, புகார் கொடுத்த அதிகாரியே விசாரணையும் செய்தார் என்ற வாதத்தை இன்னும் மனுக்களில் ஒட்டுகிறார்கள். அது 2020-ல் முகேஷ் சிங் தீர்ப்போடு போய்விட்டது. தனிப்பட்ட சாட்சி இல்லை என்பது மட்டும் வழக்கைச் சாய்க்காது.

2024 ஜூலை 1-க்குப் பிந்தைய வழக்குகளில் புதுக் கருவி ஒன்று உண்டு. பி.என்.எஸ்.எஸ். பிரிவு 105, சோதனையையும் பறிமுதலையும் ஒலி-ஒளிப் பதிவு செய்து தாமதமின்றி நடுவருக்கு அனுப்பச் சொல்கிறது. பதிவு இல்லை என்றால் சான்று தானாக விழும் என்று அந்தப் பிரிவில் எழுதவில்லை. ஆனால் எல்லார் சட்டைப் பையிலும் செல்போன் இருந்த நேரத்தில் ஏன் எடுக்கவில்லை என்பது வலுவான கேள்வி. பதிவு இருந்தால் இன்னும் நல்லது. அதில் சீல் வைக்கும் காட்சி இருக்கிறதா, நடுவில் வெட்டு விழுந்திருக்கிறதா, நேரம் மகஜரோடு பொருந்துகிறதா என்று நொடி நொடியாகப் பாருங்கள்.

உடன் வந்தவருக்குத் தனி வாதம் உண்டு. டிக்கியில் இருந்தது அவருக்குத் தெரியும் என்பதை எது காட்டுகிறது? குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிரான பிரிவு 35, 54 அனுமானங்கள் இருந்தாலும், பொருள் அவர் வசம் இருந்தது என்ற அடிப்படை உண்மையை அரசுத் தரப்பே முதலில் நிரூபிக்க வேண்டும் என்பது 2008-ன் நூர் ஆகா. இருவரின் நலனும் மோதும் என்பதால் இருவருக்கும் ஒரே வக்கீல் வைப்பதைத் தவிர்ப்பது நல்லது.

குற்றத்தை ஒப்புக்கொள்வது

1 கிலோவுக்குக் கீழே கஞ்சா என்றால் அதிகபட்சம் ஓராண்டு சிறை, 10,000 ரூபாய் அபராதம். பழக்கத்துக்கு அடிமையானவர் என்றால் பிரிவு 39-ன் கீழ் சிகிச்சைக்கு அனுப்பக் கேட்கலாம், 64ஏ-யின் கீழ் வழக்கிலிருந்தே பாதுகாப்புக் கேட்கவும் வழி உண்டு. இந்த இரண்டையும் பாராமல், "அபராதம் கட்டிவிட்டுப் போய்விடலாம்" என்று ஒப்புக்கொள்ளும் இளைஞர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. அது தண்டனைதான், அரசு வேலை, வெளிநாட்டு விசா என்று பின்னால் தொடரும். 1 கிலோவுக்கு மேல், 20 கிலோவுக்குள் என்றால் பத்தாண்டு வரை போகலாம். அங்கே இந்த வழியைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

குடிபோதைச் சோதனை மட்டும் என்றால்

மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 185-ல் வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம். முதல் முறை ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். எதிர்க்க நினைத்தால் முடிவு சாலையோரத்திலேயே எடுக்க வேண்டும். ரத்தப் பரிசோதனை கேளுங்கள். கைது செய்தால் இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை நடக்க வேண்டும், இல்லையேல் விட்டுவிட வேண்டும் என்கிறது பிரிவு 202. ஊதும் முன் கருவி பூஜ்யம் காட்டுகிறதா, ஊதுகுழாய் புதிதா, அச்சுத்தாளில் கருவி எண்ணும் நேரமும் இருக்கிறதா என்று கவனியுங்கள். வாய் கழுவும் திரவத்தில் உள்ள ஆல்கஹால் வாயில் தங்கி அளவைக் கூட்டிக் காட்டும். 15 நிமிடம் விட்டு மறுபடி ஊதினால் அது விலகிவிடும். ரத்தப் பரிசோதனை கேட்காமல் வந்துவிட்டு, 35 காட்டிய அச்சுத்தாளை நீதிமன்றத்தில் வாய்ச்சொல்லால் எதிர்ப்பது கடினம்.

வண்டியை மீட்கும் மனுவில் ஒரு கண்ணி

பறிமுதலான வண்டி நிலைய வாசலில் வெயிலில் கிடந்து துருப்பிடிக்க வேண்டியதில்லை. பி.என்.எஸ்.எஸ். 497, 503-ன் கீழ் இடைக்கால ஒப்படைப்புக் கேட்கலாம். என்.டி.பி.எஸ். வழக்கிலும் அதற்குத் தடையில்லை என்று 2025 ஜனவரியில் பிஸ்வஜித் டே தீர்ப்பு சொல்லியிருக்கிறது. உரிமையாளர் வேறு, ஓட்டியவர் வேறு என்றால், தனக்குத் தெரியாமல் நடந்தது என்று உரிமையாளர் எழுதலாம். பிரிவு 60-ம் அதையே கேட்கிறது. ஓட்டியவரே உரிமையாளர் என்றால் ஒவ்வொரு வரியையும் வக்கீல் பார்த்த பிறகே கையெழுத்துப் போட வேண்டும். "வண்டி எப்போதும் என் கட்டுப்பாட்டில்தான் இருந்தது, சாவி வேறு யாரிடமும் இல்லை" என்று பிரமாண வாக்குமூலத்தில் எழுதிவிட்டு, விசாரணையில் "டிக்கியில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது" என்றால், அரசு வக்கீல் அந்த வாக்குமூலத்தின் சான்று நகலைத்தான் முதலில் கையில் எடுப்பார்.